நோவு நீங்கிய முழங்கால்

ஹந்தானை மலையின் தோளினின்று வெண்பனி மெல்ல வழுவியிறங்க, கீழே மாவலியாறு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் தூண்களைத் தழுவிச் சுழித்தோட, மிளகும் பாக்கும் சுமந்த மாட்டுவண்டிகள் மணியொலித்துக் கண்டி மாநகர் நோக்கி ஏறிக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டின் தைத்திங்கட் காலை அது. படிப்போரே, ஆற்றங்கரையை அடுத்த ஓட்டு வீட்டின் முன்னறையில் மருத்துவர் ராஜலிங்கம் ஓர் இளைஞனின் முழங்காலை இரு கைகளாலும் ஏந்தியவாறு அமர்ந்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் மேலைமருத்துவம் கற்ற அவர், கத்தி படாமல் மூட்டுநோய் தீர்ப்பதையே தம் நெறியாகக் கொண்டவர். மட்டை வைத்துக் கட்டுவார், நொச்சியிலை ஒத்தடம் கொடுப்பார், தாமே காய்ச்சிய எண்ணெயால் நோவைத் தணித்துச் சிறுகச் சிறுக நடை பழக்குவார். மாலைதோறும் போகம்பறைத் திடலின் ஓரத்தில் நின்று கால்பந்து ஆடுவோரின் கால்களையே பார்த்திருப்பார். பந்து எப்பக்கம் போயிற்றென்று கேட்டால் விழிப்பார்.

இளைஞன் ஹபீல், ஓர் அலுவலகக் குழுவுக்காக ஆடுபவன். இறுதியாட்டத்தில் ஆடினால் நிலையான வேலை தருவதாக அவ்வலுவலகத்தார் வாக்களித்திருந்தனர். தந்தையை இழந்த வீட்டுக்கோ வேறு பற்றுக்கோடில்லை. முழங்கால் மூட்டைப் பிணைக்கும் நார் பாதி கிழிந்து, நாற்பது நாள் கட்டென விதிக்கப்பட்டிருந்த அவனுக்கு அன்று பதினெட்டாம் நாள்.

“எனக்கு இப்ப வலியே இல்ல டொக்டர். நேத்து மாடிப்படியும் ஏறிட்டன். சனிக்கிழம வெளயாடலாம் தானே?”

“ஏறினது சரி தம்பி. இந்தப் படியிலை இறங்கிப் பாரும்.”

அவன் இறங்கினான். இரண்டாம் படியில் முழங்கால் மயிரிழையளவு புறத்தே சரிந்ததை மருத்துவர் கண்டார், காலுக்குரியவனோ உணரவில்லை.

“நோ இல்லையெண்டாப்போலை நார் பொருந்தினதெண்டில்லை. நாற்பது நாளும் போகட்டும்.”

“நாப்பது நாளும் அந்த வேல எனக்காகக் காத்து நிக்குமா டொக்டர்?”

நோவென்பது காலுக்கு வாய்த்த காவலாள். அக்காவலாளுக்குத் தம் கையாலேயே விடைகொடுத்து அனுப்பிவிட்டோமே என்று மருத்துவரின் உள்ளம் வெதும்பியது. அவனை ஆடவிடவேண்டாமெனக் குழுத்தலைவனைக் கண்டு சொன்னார், அவன் சிரித்தான். ஹபீலின் தாய் மஸீனாவைக் கண்டு மன்றாடினார்.

“ஒங்கட எண்ணெய்ல தானே டொக்டர் புள்ள எழும்பி நடக்கான். ஒங்கட கைக்கு அல்லாஹ் பரக்கத் தரணும்,” என்று அவள் கண்கலங்கி வாழ்த்தினாள். அவ்வாழ்த்தைச் சுமந்துகொண்டு அவர் திரும்பினார்.

சனிக்கிழமை மாலை திடலெங்கும் மக்கள் வெள்ளம். ஆட்டத்தின் அரைப்பொழுதுவரை ஹபீல் மானெனப் பாய்ந்து ஆடினான். தம் மருத்துவம் இத்துணை நன்றாய்ப் பலித்ததே என மருத்துவர் அஞ்சினார். பின்னர், எவரும் தீண்டாதபோதே, தன்னை நோக்கி வந்த பந்துக்காக அவன் திரும்பினான். உடல் திரும்பியது, ஊன்றிய பாதம் திரும்பவில்லை. அவன் நிலத்தில் விழுமுன்னரே மருத்துவர் கண்களை மூடிக்கொண்டார்.

தோழர்கள் அவனைச் சுமந்துவந்து முன்னறையில் கிடத்திச் சென்றனர். மருத்துவரின் விரல்கள் மூட்டைச் சுற்றித் தேடின. பிடித்து நிறுத்த ஒரு நாரும் எஞ்சவில்லை. அதனைப் பொருத்தவல்ல கத்தியும் அந்நாளில் இத்தீவில் எவர் கையிலும் இல்லை.

“இந்த முற நீங்க சொல்ற மாதிரியே இருப்பன் டொக்டர். எத்தின நாளெண்டாலும் அசைய மாட்டன். சுகமாகிடும் தானே?”

சொற்கேட்கும் நோயாளி ஒருவனேனும் வாய்க்கமாட்டானா என வாழ்நாளெல்லாம் ஏங்கிய அம்மனிதர், வாய்த்த அன்று அவனுக்குச் சொல்லத் தம்மிடம் ஏதுமின்றி நின்றார். மட்டையை எடுத்தார், துணியைச் சுற்றினார்.

“ஓம் தம்பி. அசையாமல் இரும்,” என்று கூறி, எதையும் தாங்கப்போவதில்லையென அறிந்த அக்கட்டினை, இறுதி முடிச்சுவரை செம்மையாகவே கட்டிமுடித்தார்.