வேலிக்கு மேலால் விற்ற வீடு

பாலாவியில் சித்தி மரியம் என்பவரின் வாசலில் சாமான் ஏற்றிய லொறி நிற்பதைக் கண்டதும் புரோக்கர் முத்தலிபு ஓட்டம் பிடித்தார். எட்டு மாதமாக அந்த வீட்டை விற்றுத் தருகிறேன் என்று வெயிலில் அலைந்தவர் அவர். வீடு விற்றுப்போன கதையோ மதுரங்குளித் தேத்தண்ணிக் கடையில்தான் அவர் காதில் விழுந்தது. வாங்கியது யார்? பக்கத்து வீட்டு யாகப்பு! இருபது லட்சத்துக்கு, வேலிக்கு மேலாலேயே கதைத்து முடித்துவிட்டார்களாம்.

கொமிஷன் நூற்றுக்கு இரண்டு என்றால் நாற்பதாயிரம். மனைவி ஷஃபீனா வேறு அன்று காலையில்தான், "ஒங்கட புரோக்கர் வேலைய நம்பினா அடுப்புல பூனதான் படுக்கும், உப்பளத்துக்காவது போங்க" என்று வாரியிருந்தாள்.

"ராத்தா, என்ட கொமிஷன்?" என்று சித்தி மரியத்திடம் மூச்சு வாங்கக் கேட்டார்.

"என்ன கொமிஷன் தம்பி? யாகப்புவ நீங்களா கூட்டி வந்தீங்க? பதினஞ்சு வருஷமா வேலிக்கு அங்கால ஈக்கிற மனுசன்!"

நியாயம்தான். ஆனால் நியாயத்துக்கு அடங்கிப் போனால் அவன் என்ன புரோக்கர்? "அப்ப நான் கூட்டி வந்த ஆக்களெல்லாம்? சும்மாவா அலைஞ்சன்?" என்று குரலை உயர்த்தினார்.

லொறியில் அலுமாரியைக் கட்டிக்கொண்டிருந்த யாகப்பு இறங்கி வந்தார். "அக்கா, உள்ளதைச் சொல்லோணும். தம்பி கடைசியாக் கூட்டி வந்தவர் இதில மிளகாய் மில் போடப்போறன் எண்டார். என்ர மனுசி அல்பொன்சாவுக்கு இழுப்பு. பக்கத்தில மிளகாய்த்தூள் பறந்தா அவள் தப்புவாளா? அந்தப் பயத்திலதான் அண்டைக்கே உங்களிட்ட ஓடி வந்தனான்."

அட, இப்படியும் ஒரு வழி இருக்கிறதா! முத்தலிபுவுக்கு உச்சி குளிர்ந்தது. அதெல்லாம் நம்ம ஏற்பாடுதான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சித்தி மரியம் கைப்பையைத் திறந்துவிட்டார்.

"தம்பி, தொண்ணூறில புலிகள் எங்கட சனத்த மன்னார விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம், ஒருத்தர்ட ஹக்கையும் குடுக்க விடல்ல. தையல்காரிட கூலி, மீன்காரன்ட காசு, எல்லாம் இருவத்திரெண்டு வருஷமா என்ட கழுத்துல கிடக்கு. இப்ப மகன் அங்க வீட்டக் கட்டி முடிச்சிட்டான். இந்த முற நானா விரும்பிப் போறன். ஒருத்தர்ட உரித்தும் என்னோட வரப்படாது. ஒங்கட ஹக் எவ்வளவெண்டு நீங்களே சொல்லுங்க. எடுத்துக்கிட்டு, 'இனி ஒண்டுமில்ல, ஹலால்' எண்டு வாயால சொல்லுங்க. அதுக்குப் பொறகுதான் லொறியில ஏறுவன்."

முத்தலிபு திகைத்துப்போனார். இத்தனை வருடத் தொழிலில் உண்மையான விலையை அவர் முதல் வாயில் சொன்னதே கிடையாது. நாற்பது என்றால் தந்துவிடுவார். ஷஃபீனாவின் முகத்தில் அடித்த மாதிரிக் கொண்டுபோய் நீட்டலாம். ஆனால் மில்காரன் வாங்குவான் என்றுதானே அவனைக் கூட்டி வந்தார்? யாகப்பு பயப்படுவார் என்று கனவிலாவது நினைத்தாரா? பாழாய்ப்போன நாக்கு, பொய் சொல்ல வேண்டிய ஒரே நாளில் எழும்ப மாட்டேன் என்றது.

"அரைவாசி போதும் ராத்தா," என்றார். "அலைஞ்சது நான். வித்தது நீங்கதான்."

சித்தி மரியம் இருபதாயிரத்தை எண்ணிக் கையில் வைத்தார். "ஹலால் ராத்தா, இனி ஒண்டுமில்ல!" என்று முத்தலிபு லொறி ட்ரைவருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார். சொன்ன பிறகு, அவருக்கே ஏனோ நெஞ்சு லேசாகிப்போனது.

சித்தி மரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். லொறி நகர்ந்தது. ஜன்னலால் தலை நீட்டினார்.

"மன்னாருக்கு வந்தா வீட்டுக்கு வாங்க தம்பி!"

"கட்டாயம் வாரன் ராத்தா!"

"ஆனா ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு வந்திராதீங்க! அந்த வீடு விக்கிறதுக்கில்ல."