சிவப்பு என்று எழுதினால்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆண்டறிக்கையில் கிடைத்தது. சண்டை மூளாமல் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பின் அறிக்கை. பிழை திருத்தக் கொடுத்திருந்தார்கள். ‘சாதனைகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி: ‘கண்காணிப்பாளர்கள் அனைவரும் ஆற்றங்கரை ஊரிலிருந்து பத்திரமாக வெளியேற்றப்பட்டனர்.’ சரி, ஊர்க்காரர்கள்? அடுத்த வரி புதிய கணினிகள் வாங்கியதைப் பற்றியது. எழுத்துப் பிழை மட்டும் ஒன்றுகூட இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்த அந்த…’ வேண்டாம். ஆற்றுக்கு என்ன, அது பாட்டுக்கு ஓடும்.

இரண்டாவது தொடக்கம்: சண்டை வருமுன்பே அது வருகிறது என்று சொல்வதுதான் அவள் வேலை. அந்த அமைப்பின் ஆபீசில் அவளை ‘வானிலை’ என்று கூப்பிடுவார்கள். எந்த ஊரில் கடைகளைச் சீக்கிரம் சாத்துகிறார்கள், எங்கே பெண்டாட்டி பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றெல்லாம் விசாரித்து, வாராவாரம் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நிறம் எழுதுவாள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சிவப்பு என்றால் சண்டை நிச்சயம்.

இங்கேதான் அந்தப் பாழாய்ப்போன விதி. சிவப்பு என்று எழுதினால், கண்காணிப்பாளர்களை உடனே அந்த ஊரிலிருந்து எடுத்துவிடுவார்கள். (திருடன் வருகிறான் என்றால் முதலில் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பு. இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.) அவர்களிடம் துப்பாக்கி கிடையாது. அந்த ஆற்றங்கரை ஊரில் இருந்தது பாலத்தருகே இரண்டு வெள்ளை வண்டியும், பார்த்துக்கொண்டு நிற்கும் சில பேரும்தான். ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காகவே அக்கரைப் படை பாலத்தைத் தாண்டாமல் இருந்தது. அதனால் சிவப்பான ஊருக்கும் ஆரஞ்சு என்றே எழுதுவது ஆபீஸ் வழக்கம். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

3

அந்த ஊரில் அவள் தம்பி ரொட்டிக்கடை வைத்திருக்கிறான். (வாசகரை அழவைக்கத்தான் தம்பியைக் கொண்டுவந்தேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், அதற்குத்தான். முன்பின் தெரியாத ஊருக்காக யார் அழுகிறார்கள்?)

“பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடு” என்று போனில் சொன்னாள்.

“என்னக்கா நீ. வண்டி ரெண்டும் பாலத்துலதான் நிக்குது. அவங்களே பயப்படல, நான் எதுக்கு ஓடணும்?”

“சொன்னா கேளுடா.”

“உனக்குப் பயப்படறதே தொழிலாப் போச்சு” என்று சிரித்தான்.

இந்த முறை வண்டி நின்றாலும் அக்கரைப் படை வரும் என்று அவளுக்கு விவரம் கிடைத்திருந்தது. ஆரஞ்சு என்று எழுதினால் வண்டி நிற்கும். அதை நம்பி அவனும் நிற்பான். சிவப்பு என்று எழுதினால், வண்டி போவதைப் பார்த்தாவது கிளம்புவான். இந்தக் கணக்கில் நானும் ஓட்டை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

சிவப்பு என்று எழுதினாள்.

“நல்லா யோசிச்சீங்களா?” என்று மேலதிகாரி கேட்டார். “எழுதிட்டா நான் தடுக்க முடியாதும்மா.”

“யோசிச்சேன் சார்.”

விஷயம் பல நாடுகளும் கூடும் பெரிய சபைவரை போனது. அங்கே ஆழ்ந்த கவலை தெரிவித்தார்கள். கவலைக்கு மட்டும் அங்கே பஞ்சமே இல்லை.

4

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: தம்பி பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்து, அக்கா வீட்டுக் கதவைத் தட்…

எழுத முடியவில்லை. கடைசியில் வந்தது இதுதான்.

காலையில் அவனே கூப்பிட்டான். “அக்கா, வண்டி ரெண்டும் போயிடுச்சு.”

அவளுக்கு உயிர் வந்தது. “நீயும் உடனே கிளம்பு.”

“நான் எதுக்கு? சண்டை முடிஞ்சதாலதானே போறாங்க. ஊரே திரண்டு கைதட்டி வழியனுப்பி வச்சுது. நான் வழிக்கு ரொட்டி கட்டிக் குடுத்தேன். அதை வாங்கறப்ப ஒருத்தன் அழுதுட்டான்க்கா. நம்ம மேல அவ்வளவு பாசம்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: சிவப்பு, விதி, அக்கரைப் படை. கெஞ்சினாள், திட்டினாள். “சரி சரி, நாளைக்குப் பேசுவோம், கடையில கூட்டம்” என்கிறான்.

அவனை நம்பவைக்க ஒரு வாக்கியம் வேண்டும். நானும் எழுதி எழுதி அடித்துவிட்டேன், எனக்கு வரவில்லை. அவன் இன்னும் போனை வைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவளிடம் சொல்லுங்கள். சீக்கிரம்.