விரலில் மாட்டிய எண்

...எண்பத்தொன்பது, மறுபடியும் எண்பத்தொன்பது, விரலைத் தேய்த்து, ஊதி, சூடேற்றி மாட்டினாலும் ஆக்சிஜன் காட்டும் இந்தக் கவ்விக்கு இரக்கமே இல்லை, தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான் என்று நர்ஸாக இருக்கும் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள், பால்கனியில் போன் பேசுகிறாள், முடித்ததும் வந்து பார்ப்பாள், அதற்குள்... எனக்கா மூச்சுக் குறைவு? தண்ணீருக்கடியில் கப்பலுக்கு வெல்டிங் செய்தவன் நான், ஒருமுறை காற்றுக்குழாய் அறுந்து, முக்கால் மணி நேரம் மூச்சே விடாமல் மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் மேலே வந்தேன், ஒரு சுறா சாட்சி. இதைச் சொன்னால் மகள் சிரிக்கிறாள். அவள் சொல்வது மட்டும் நம்பும்படியா இருக்கிறது? ஒவ்வொரு செல்லிலும் ஒரு காவல்காரப் புரதமாம், காற்று தாராளமாக இருக்கும்வரை அதைப் பிறக்கப் பிறக்கத் தீர்த்துக்கட்டிவிடுமாம் உடம்பு, காற்று குறைந்தால் அது பிழைத்துக்கொண்டு, சிவப்பணுவைக் கூட்டு, புது ரத்தநாளம் போடு, சிக்கனமாக இரு என்று அதிகாரம் பண்ணுமாம்... "மெல்ல மெல்லக் குறைஞ்சா உடம்பு பழகிடும்பா, ஒண்ணும் தெரியாது. பழகிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல." கதை விடுவதில் என்னையே மிஞ்சிவிட்டாள்.

"சரி, வச்சிடறேன்" என்கிறாள் பால்கனியில், ஐயோ, கட்டில் ஓரத்தில் துணி மடிக்கும் என் மனைவியை உலுக்கினேன், "விரலைக் குடுடி, சீக்கிரம்." "இந்த வயசுல என்ன திருட்டுத்தனம்? வேணாம், என் கை சில்லுன்னு இருக்கு." "போர்வைக்குள்ள வச்சுக்கலாம், எண்ணு மட்டும் வெளியில தெரிஞ்சா போதும், உன்னுது தொண்ணூத்தெட்டு காட்டும், மகராசி." பிடுங்கி மாட்டினேன், எண் தடுமாறியது, ஏறியது, இறங்கியது, நின்றது... எண்பத்துநான்கு. கவ்வி கெட்டுவிட்டதா? என் விரலில், எண்பத்தொன்பது. அவள் விரலில், எண்பத்துநான்கு. நகமெல்லாம் நீலம், துணிச் சாயம் என்று நேற்றுகூடக் கேலி செய்தேனே...

"எவ்வளவுப்பா?" வாசலில் மகள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சுகிறாள் என் மனைவி. சொன்னால் என் குட்டும் உடையும், சொல்லாவிட்டால்... "அம்மாவுக்கு எண்பத்துநாலு." "ஆரம்பிச்சிட்டீங்களா? சுறா எங்க, காணோம்?" மகள் சிரிக்கிறாள், நான் சிரிக்கவில்லை, அந்தச் சில்லிட்ட விரலையும் விடவில்லை, மாடிப்படியில் இவள் தினமும் பாதியில் நின்று, "உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது, கொஞ்சம் நின்னுட்டுப் போவோம்" என்பாளே, நானும் ரோஷத்தோடு முறைப்பேனே, கீழே திரும்பி... ஆமாம், கீழே திரும்பி, யோசித்துப் பார்த்தால் நான் எப்போதுமே அவளுக்கு இரண்டு படி மேலேயல்லவா நின்றிருந்தேன்...