பெரியப்பா உடைத்தது

அந்த மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. பூட்டு, சாவி விற்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படியேறும்போது கீழே சாவி அறுக்கும் கிரீச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். மேலே ஒரே அறை, ஆறு மேசைகள், சன்னலோரம் ஒரு கெட்டில், எழுதி எழுதி அழித்துச் சாம்பல் நிறமாகிப்போன வெள்ளைப் பலகை. ஓய்வு பெற்றுவிட்ட இந்நாளிலும் எங்காவது சாவி அறுக்கும் சத்தம் கேட்டால் அவர் நடை தளரும். கூட வரும் மனைவி, "என்ன, பழைய ஆபீஸா?" என்பாள். "ம்" என்பார். அதற்கு மேல் விவரிக்கும் பழக்கம் அவருக்கில்லை.

அதற்கு முன் பதினேழு வருடம் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க நான்கு பேர் இருந்தார்கள். அந்த அலுவலகத்தை இழுத்து மூடினார்கள். அவர் வீட்டில் முடங்கவில்லை. ஒரு வருடம் கணினி நிரலெழுதப் படித்து, ஜூனியர் டெவலப்பராக இங்கே வந்து சேர்ந்தார். குடும்பத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மூத்த அண்ணன் போனில் நேராகவே கேட்டுவிட்டார்.

"நம்ம வீட்டு ஆம்பளை இந்த வயசுல போய்ச் சின்னப் புள்ளைங்ககிட்ட கைகட்டி நிக்கணுமா?"

"நான் யார்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! வேலை நிரந்தரமாக ஆறு மாதம் ஆகும். அதுவரை ஒரு தப்பும் செய்யக்கூடாது, செய்தாலும் வெளியே தெரியக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தார்.

குழுத் தலைவிக்கு இருபத்தொன்பது வயது. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இவருக்கு நாக்கு புரளவில்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவார். பின்னால் எத்தனையோ வருடம் அங்கே இருந்தும் கடைசிவரை அந்தச் செருமல்தான். மூன்றாவது வாரமே, சுருட்டை முடியால் சுருட்டை என்று பேர் வாங்கியிருந்த ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா, பெரியப்பா கனைக்கிறார். உங்களைத்தான்."

அறையே சிரித்தது. இவர் முகத்தை இறுக்கிக்கொண்டார். ஆனால் மறுநாள் கெட்டில் பக்கத்திலிருந்து யாரோ, "பெரியப்பா, சர்க்கரை எத்தனை?" என்று கேட்டபோது, யோசிக்காமல் "ஒண்ணு" என்று சொல்லிவிட்டார். பேர் ஒட்டிக்கொண்டது.

அங்கே ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எல்லாரும் நாற்காலிகளை நடுவில் இழுத்துப் போட்டு உட்காருவார்கள். அந்த வாரம் யார் எதை உடைத்தார்கள், அதாவது எந்த வேலையைக் கெடுத்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அக்காதான் தொடங்குவாள்.

"ஒரு முழு நாளோட பதிவை அழிச்சிட்டேன். அழிச்சது நான்தான்னு தெரியாம அரைமணி நேரம் சுருட்டையைத் திட்டினேன். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு ரெண்டுக்குமா, அழிச்சதுக்கு மட்டுமா?" என்பான் சுருட்டை.

இவர் முறை வரும். முதுகை நிமிர்த்தி, "ஒன்றுமில்லை" என்பார். வாராவாரம் அதே பதில். யாரும் துருவிக் கேட்டதில்லை.

ஒன்றுமில்லாமலா இருந்தது? உடைத்ததையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரகசியமாக ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் விஷயத்தோடு இரண்டு நாள் முட்டிமோதுவார். ஒருநாள் பக்கத்து மேசைப் பெண், வாயே திறக்காதவள், ஒரு துண்டுத் தாளை அவருடைய விசைப்பலகைக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். இரண்டே வரி. அவர் தேடிக்கொண்டிருந்த விடை. நன்றி சொல்லாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மாதம் தாண்டிய ஒரு புதன்கிழமை. பல் மருத்துவமனை ஒன்றுக்காக, நோயாளிகளுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பட்டியல்கள் இருந்தன. சோதனைப் பட்டியலில் அலுவலகத்தில் இருப்பவர்களின் எண்கள். இன்னொன்றில் உண்மையான நோயாளிகள். ஏதோ சந்தேகம் தீர்த்துக்கொள்ள உண்மைப் பட்டியலைத் திறந்தவர், திரும்ப மாற்றி வைக்க மறந்துபோனார். காலையில் கிளம்பும் அவசரத்தில் அப்பாவிடம் கேட்க விட்டுப்போன ஒன்று மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. சோதனைச் செய்தியாக அதையே அடித்துப் பொத்தானை அழுத்தினார். அறையில் ஒரு கைபேசிகூடச் சிணுங்கவில்லை. அப்போதுதான் பட்டியலை மாற்றாதது அவருக்கு உறைத்தது.

அறுநூறு நோயாளிகளுக்குப் போயிருந்தது: "அப்பா, தாங்கள் மாத்திரை உட்கொண்டீர்களா?"

பதில்கள் குவிந்தன. "யாருப்பா நீ? எனக்கு வலிக்கிறது பல்லு." "எனக்குப் புள்ளையே கிடையாது. ஆனா போட்டுட்டேன்." "நான் அப்பா இல்ல, அம்மா. என்னையும் கேளு." சுருட்டை சத்தமாகப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. பல் மருத்துவர்.

சோதனைக்காகக் கணினியில் நுழைய எல்லாருக்கும் பொதுவாக ஒரே கணக்குதான். அழுத்திய விரல் யாருடையது என்று கணினிக்குத் தெரியாது.

"தப்பு எங்களோடதுதான் டாக்டர்" என்றாள் அக்கா. "யார்னு கேக்காதீங்க. பொறுப்பு என்னோடது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

மருத்துவர் அப்படியே செய்தார். கைபேசியைக் காதிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்திருந்தாள் அக்கா. அறை முழுக்கக் கேட்டது. இவர் திரையைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"யார்னு தெரியாதில்ல? பேசாம இருங்க. இன்னும் மூணு வாரம்தான். வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"அப்புறம் சொன்னா அதுக்குப் பேரு என்ன?"

"இந்த வேலையும் போச்சுன்னா உங்க அண்ணன் வாயை யாரு அடைக்கிறது?"

"என் மானத்தைக் காப்பாத்தறதுக்கு அந்தப் பொண்ணு திட்டு வாங்கிட்டு நிக்குது. எங்க வீட்டுல யாரும் அடுத்தவங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சதில்ல."

சொன்னாரே தவிர, வியாழக்கிழமை முழுக்க ஒளிந்துகொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி. அக்கா தொடங்கினாள். "புதன்கிழமை நடந்ததை என் பேர்ல போட்டுக்கறேன். எல்லாருக்கும் ஒரே கணக்கு போதும்னு சொன்னது நான்தான். அடுத்தது யாரு?"

அந்தக் கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. இவர் எழுந்து நின்றார். செருமினார். "அது நான் செஞ்சது."

சுருட்டை மெதுவாகச் சொன்னான். "பெத்த அப்பாவைத் தாங்கள்னு கேக்கற ஆளு இந்த ஆபீஸ்ல வேற யாரு பெரியப்பா? அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்ல வேண்டியதை நாங்க எப்படிச் சொல்றது?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

காது சிவந்துபோயிற்று அவருக்கு. "டாக்டர்கிட்ட நான் பேசணும்" என்றார்.

"கோவம் இன்னும் ஆறல" என்றாள் அக்கா.

"ஆறினப்புறம் பேசறதுல என்ன இருக்கு?"

அவள் எண்ணைப் போட்டுக் கைபேசியை நீட்டினாள். எல்லார் முன்னாலும் நின்றபடியே பேசினார். "அன்னிக்கு நீங்க திட்டினது ஆள் மாறிப் போச்சு டாக்டர். அது எனக்குச் சேர வேண்டியது. மன்னிக்கணும்." விவரம் தெரிந்த நாளாக அவர் வாயிலிருந்து அந்தக் கடைசிச் சொல் வந்ததில்லை. மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்று வைத்தார்.

"நேரா சொன்னதுக்கு நன்றின்னாங்க. ஆனா அடுத்த மாசத்திலிருந்து நம்ம மென்பொருள் வேண்டாமாம். நேத்தே முடிவு பண்ணிட்டாங்களாம்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். நஷ்டம் சின்னதில்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது. "சரி, போகட்டும். இன்னொரு ஆளுக்கு இப்படி நடக்காம இருக்க என்ன செய்யலாம்? சொல்லுங்க பெரியப்பா."

இரண்டு நாளாக அதைத்தான் யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "எனக்குத் தெரியல. யாராவது சொல்லிக் குடுங்க."

வேலை நிரந்தரமான கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. அது எங்கே இருக்கிறதென்று இப்போது தேடினாலும் கிடைக்காது. அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் மட்டும் மனதில் கலையாமல் இருக்கிறது. ஐந்து நாற்காலிகளின் சக்கரங்கள் ஒரே சமயத்தில் தரையில் உருண்டு அவர் மேசையைச் சுற்றி வந்து நின்றன. ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நடுவில் உட்கார்ந்து, புரியாத இடத்திலெல்லாம் நிறுத்தி, "மறுபடி சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு அவர் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்.