இருபத்துநான்கு தப்படி

மேஸ்திரி டேப்பை மறுபடி இழுத்துப் பிடித்தார். கதவுப் படியிலிருந்து கேட் வரை முப்பது அடி. மூன்றாவது தடவையும் அதே முப்பது. நேற்று மாலையே கேட் வரை கல் பதிந்து, இடுக்கெல்லாம் மணல் கூட்டி நிரப்பி, வாசல் குளித்துவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே பாதிக் கல் இன்னும் அடுக்கு கலையாமல் நின்றது.

"ஐயாதாம்மா போன்ல அறுபது அடின்னார். டேப்போட வந்து பாக்குறேன்னேன். என் காலை விடவா உன் டேப்பு பெருசுன்னு கேட்டுட்டார்."

மகளுக்கு உடனே புரிந்துவிட்டது. போன வாரம் அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலை அளந்தார். இருபத்துநான்கு தப்படி. சர்வேயராக முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த கால். தப்படிக்கு இரண்டரை அடி, ஒரு நூல் பிசகாது. அந்தக் காலோடு பந்தயம் கட்டித் தோற்றவர்கள் பல பேர். நோய் வந்து அதைப் பாதியாகச் சுருக்கியதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே," என்றாள். "டாக்டர் நாள் கணக்குலதான் சொல்லியிருக்கார். கால்மேல இருக்கிற கர்வம் அப்படியே இருக்கட்டும்."

"சிமெண்ட் போட்டா காய ஏழு நாளாகும், கல்லுன்னா அன்னிக்கே நடக்கலாம்னு அவரே கேட்டு வாங்கினது. திருப்பி ஏத்தினா லாரிச் சத்தம் கேக்குமே?"

பின்னால் நின்ற அம்மா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். "ஏன் திருப்பணும்? பின்பக்கம் துணிக்கொடி வரைக்கும் போட்டுடுங்க தம்பி. இந்த வீட்டுக்கு வந்த நாளா அந்தச் சேத்துக்கு ஒரு செருப்பைக் குடுத்துட்டு ஒத்தச் செருப்போட வந்துட்டிருக்கேன்."

ஐந்து ஆட்கள் இறங்கினார்கள். வீட்டின் பக்கவாட்டில் கயிறு கட்டி, மண்ணை இடித்து, மணல் பரப்பினார்கள். ரப்பர் சுத்தியல் டொக் டொக்கென்று சுவரை ஒட்டியே நகர்ந்தது. உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். மகள் ஸ்பூனில் டீ ஊட்டினாள். நான்காவது ஸ்பூனில் ஒரு கண் திறந்தது.

"பாப்பா, நம்ம வாசல் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்தாம்பா."

"அப்ப சுத்தியல் ஏன் சமையல்கட்டுக்குப் பின்னாடி அடிக்குது?"

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அப்பா கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. மிச்சக் கல்லை வைத்துத் தன் தப்படியை வகுக்கிறார் என்று தெரிந்ததும் அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"தப்படிக்கு ஒண்ணேகால் அடி," என்றார்.

வெளியே சுத்தியலும் நின்றிருந்தது. போர்வைக்கடியில் முதலில் வயிறுதான் ஆடியது.

"அடப்பாவி! கோழிகூட இதைவிட அகட்டி வைக்குமே!"

சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். அம்மா ஓடி வந்தாள். "என்னங்க, என்னாச்சு?"

"உனக்கு ரோடு போட்டிருக்கேன்டி."

"ஆமா, தப்பா அளந்து போட்ட ரோடு."

"சரியா அளந்திருந்தா உனக்கு இன்னும் சேறுதானே?"

அம்மா தோற்றுப்போய்ச் சிரித்துவிட்டாள். மகளுக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

வெயில் தாழ்ந்ததும் மேஸ்திரியே சக்கர நாற்காலியைத் தள்ளினார். கேட்டிலிருந்து கதவு வரை, அங்கிருந்து திரும்பி வீட்டைச் சுற்றி. சக்கரம் கடகடவென்று பேசிக்கொண்டே போனது. அப்பா குனிந்து குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார்.

"இந்த மூலையில தண்ணி நிக்கும்."

"நிக்காதுங்கய்யா. வாட்டம் குடுத்திருக்கேன்."

"ஒரு சொம்புத் தண்ணி குடு."

அவரே ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம் யோசித்துவிட்டு ஓரத்துச் சாக்கடையை நோக்கி ஓடியது. அப்பா "ம்" என்றார். மேஸ்திரி பட்டம் வாங்கினவரைப் போல நிமிர்ந்தார்.

துணிக்கொடிக்குக் கீழே நிறுத்தச் சொன்னார். போர்வை ஒன்று காற்றில் வந்து அவர் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. அம்மா துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.

"போலாமா?" என்றாள் கடைசியில்.

அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உதட்டோரம் காலையில் சிரித்தது கொஞ்சம் மிச்சமிருந்தது. மகள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினாள். அம்மா அவள் கையை மெதுவாக விலக்கினாள்.

"காத்து நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

காரியம் முடிந்து வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போன மறுநாள் காலை நல்ல மழை. விட்டதும் அம்மா துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மகள் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். கல் கழுவினாற்போல் இருந்தது, எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. அம்மா நேராகப் போகாமல் சின்னச் சின்ன அடியாக, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் பெருவிரலுக்குச் சற்று முன்னால் வைத்து வைத்து நடந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கொடிக்குக் கிட்டே போய் நின்று தலையை ஆட்டிக்கொண்டாள். எண்ணிக்கை எங்கோ விட்டுப்போயிருக்க வேண்டும். நிறைந்த வாளியோடு திரும்பி வந்து, முதல் கல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.