யெஃபீம் தந்த உப்புமீன்

ரஷ்யக்காரன் யெஃபீம் குவோவுக்குத் தரவேண்டியது மூன்று யுவான் நாற்பது காசு. பூட்ஸுக்காகக் கைமாற்று வாங்கியது. குவோ அதைத் தன் குடிசைச் சுவரில் மூன்று நெட்டைக் கோடும் நான்கு குட்டைக் கோடுமாகக் கரியால் போட்டு வைத்திருந்தான். இருவரும் ரயில்பாதைக் காவலர்கள். சீனாவின் மஞ்சூரியப் பக்கத் தண்டவாளத்தை அவனும் ரஷ்யப் பக்கத்தை யெஃபீமும் தினமும் நடந்து பார்த்துவிட்டு, எல்லைக் கல்லருகே ஒரே நெருப்பில் குளிர்காய்வார்கள். குவோவுக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

"எப்படா தருவே?"

"பூட்ஸ் தேயட்டும்டா, பாதி விலைக்கு முடிச்சுக்கலாம்!"

ஒருநாள் யாரோ தண்டவாள ஆணிகளைப் பிடுங்கிவிட, சரக்கு வண்டி கவிழ்ந்தது. இரண்டு அரசாங்கமும் ஒன்றின்மேல் ஒன்று பழிபோட்டுக் கண்டனக் கடிதம் எழுதின. எல்லையை அடைத்தார்கள். குவோ தனியே குளிர்காய்ந்தான்.

கடிதத்துக்கு ஆதாரம் தேடிக் குடிசைக்கு வந்த சீன அதிகாரி சுவரைப் பார்த்தார்.

"இது யெஃபீம் கடன்தானே? ஸ்டேஷன்ல சொன்னாங்க. கடன்காரன், கூலிக்கு ஆணி பிடுங்கியிருப்பான். ஆமான்னு சொல்லு, எழுதிக்கிறேன்."

"அதை உப்புமீனாக் கொடுத்தே தீர்த்துட்டானுங்க ஐயா. அழிக்க மறந்துட்டேன்."

"மூணு யுவானுக்கு மீனா தின்னே?"

"என் வயிறு அப்படிங்க."

அவர் போனதும் குவோ ஈரத்துணியால் கோடுகளைத் துடைத்தான். யெஃபீம் என்று ஒருவன் இருந்ததற்கு அவனிடம் வேறு அடையாளம் இல்லை. கடைசிக் கோட்டில் கை சற்று நின்றது. பிறகு அதையும் துடைத்தான்.