பனையடிக் கருப்பைத் தேடி மண்டபத்துக்கு

என் கல்யாணத்தைத் தடுத்தது மனுஷர் யாரும் இல்லை, வராக நதி. ஐப்பசி வெள்ளத்தில் ஜெயமங்கலத்துக் கரையோரம் இருந்த எங்கள் குலசாமி பனையடிக் கருப்பின் பீடத்தை, அது நின்ற மண்ணோடு சுருட்டிக்கொண்டு போய்விட்டது. சாமி நின்ற இடத்தில் இப்போது இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது. முதல் வெற்றிலை பாக்கைக் கருப்பின் காலடியில் வைக்காமல் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. ஆற்றிலேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். பெரியப்பா மொக்கைச்சாமி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை பழனிசெட்டிபட்டி சண்முகராஜ். இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். அதுவே போதும், எனக்குப் பிடித்துப்போயிற்று. அவருடைய அப்பாவோ, தைக்குள் நாள் குறிக்காவிட்டால் சின்னமனூரில் ஒரு பெண் இருப்பதாக ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜாடை என்ன ஜாடை, தெருவுக்கே கேட்டது.

கடைசியில் பெரியப்பாவே வேண்டாவெறுப்பாக ஒரு வழி சொன்னார். என் சித்தப்பா ஒச்சாண்டி ரயில்வே கேங்கில் தண்டவாள வேலை கிடைத்து மண்டபம் என்ற ஊருக்குப் போனபோது, கருப்பின் காலடியில் பிடிமண் எடுத்துப் போய், கடலோரத்தில் தன் வீட்டில் வைத்துக் கும்பிட்டார். பிடிமண் போனால் சாமியும் கூடப் போனதாக அர்த்தம். மூத்தவரான தன்னைக் கேட்காமல் எடுத்தான் என்று பெரியப்பா தம்பியோடு பேச்சை நிறுத்தினவர்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா காய்ச்சலோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மூன்றாம் நாள் கண்ணை மூடினார். பெரியப்பா பாடை கட்டிய பிறகுதான் வந்தார். இப்போது மண்டபத்து வீட்டிலிருந்து ஒரு பிடி மண் வந்தால் கருப்பை மேட்டில் நிறுத்திவிடலாம், ஆனால் குடும்பத்துக் கன்னிப்பெண்தான் அதை மடியில் வாங்க வேண்டும் என்றார். அப்படித்தான் நானும் என் அப்பா தவசியும் தேனியில் ரயில் ஏறினோம். மதுரைச் சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலை வண்டியைப் பிடித்து மண்டபத்தில் இறங்கினோம்.

அப்பா கடலைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். இவ்வளவு தண்ணீருக்கு ஒரு மடைகூட வைக்கவில்லையே என்று ஒரு மீன்காரரிடம் விசாரித்தார். ஒரு வாய் அள்ளிக் குடித்துத் துப்பிவிட்டு, அத்தனையும் வீண் என்று முகத்தைச் சுளித்தார். அவரைத் தனியாக அனுப்பாதே என்று அம்மா சொன்னது சும்மா இல்லை.

வீட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வாசலில் நின்றால் கடல் தெரியும். மண்டபத்தில் வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். வாசலில் நின்றால் கடல் தெரியாத வீட்டைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா வீடு வீடாகப் போய்க் கேட்டு, மூன்று வீட்டில் மோர் குடித்தார். வெயில் உச்சிக்கு வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக ஸ்டேஷனுக்குத் திரும்பி, தண்டவாளத்தில் வேலை செய்த ஆட்களிடம் கேட்டேன். ஒச்சாண்டியா, ஜெய்த்தூன் பீவி வீட்டில் குடியிருந்தவர் என்று ஒருவர் கையைக் காட்டினார். அதைக் காலையிலேயே செய்திருக்கலாம்.

ஜெய்த்தூன் பீவி எங்களை உட்காரவைத்து, சித்தப்பா இறந்ததைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்கட்டில் சித்தப்பா இருந்த அறையைக் காட்டினார். நான் முந்தானையை விரித்துக்கொண்டு, சாமி இருந்த மூலை எது என்று கேட்டேன். ஜெய்த்தூன் பீவி என்னைப் புரியாமல் பார்த்தார்.

"அந்த மண்ணை அவரு போகையிலேயே பூராத் தோண்டி பிஸ்கட் டப்பாவுல அள்ளிக்கிட்டுப் போயிட்டாரே தாயி. அண்ணன் கையில குடுக்கணும், குடுத்தா அவரு எங்கிட்டப் பேசிருவாருன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பும் வண்டி ராமநாதபுரம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்த டப்பா நம்ம வீட்டுலதான் இருந்துச்சுத்தா. காய்ச்சல்ல உங்க சித்தப்பன் இன்னதுன்னு சொல்லல. நல்லாச் சலிச்ச மணல் கணக்கா இருக்குன்னு உங்காத்தா எடுத்து வச்சுக்கிட்டா. அதுலதான் நிலக்கடலை வறுக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. ஆறு வருஷமாக அடுப்பில் வறுபடும் சாமி என் கல்யாணத்துக்கு என்ன அருள் தரப் போகிறது?

ஊர் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் பெரியப்பா மண்ணை வாங்க வந்தார். அம்மா வழக்கம்போல முறத்தில் சூடாகக் கடலையைக் கொண்டு வந்து வைத்தாள். எங்கள் வீட்டுக் கடலை என்றால் அவருக்கு உயிர், தினமும் ஒரு பிடி வேண்டும். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகச் சொல்லிக் கொல்லைக்கு நழுவிவிட்டார். நான்தான் சொன்னேன். கடலை மென்றுகொண்டிருந்த பெரியப்பாவின் தாடை அப்படியே நின்றது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இந்த மண் இனி ஆகாது, சாமியும் இல்லை கல்யாணமும் இல்லை என்று பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். சின்னமனூர்ப் பெண் மாலையோடு என் கண் முன்னால் வந்து நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தப்பா அதை உங்க கையில குடுக்கத்தான் கொண்டாந்தாக. குடுத்தா நீங்க பேசுவீகன்னு. மூணு நாளும் வாசலையே பார்த்துக்கிட்டுக் கெடந்தாக. நீங்க நாலு வீடு தள்ளித்தான் இருந்தீக. வந்து வாங்கியிருந்தா எங்காத்தா ஏன் அதுல வறுக்கப் போகுது?"

பெரியப்பாவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அடிப்பார் என்றே நினைத்தேன். அவரோ மெதுவாக உட்கார்ந்தார்.

"என் கையிலதான் குடுக்கணும்னா சொன்னான்?"

ஆமாம் என்றேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். நான் அடுப்படிக்குப் போய் வாணலியை எடுத்து வந்தேன். மண் கறுத்துப்போய், கடலைத் தோலும் தூசுமாக இருந்தது.

"இன்னும் சூடு இருக்கு பெரியப்பா. ஆறட்டும்."

"இருக்கட்டும். போடு."

போட்டேன். சுட்டிருக்கும், ஆனால் அவர் கையை விலக்கவில்லை. ஒச்சாண்டி, ஒச்சாண்டி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அழுதார். பிறகு கொல்லைப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னார்.

"ஏலே தவசி, தைக்கு நாள் பாருடா."